கருவாட்டுக்கு லேபிள் போட்டுக் கொடுத்த டிசைன் ஆபீஸ்

ஊரூர் குப்பத்தில் மாமியார் காயவைக்கிற நெத்திலியையும் வாளையையும் நான்தான் பாக்கெட் போட்டு விற்கிறேன். லேபிளுக்காக பெசன்ட் நகரில் நாலே பேர் இருக்கிற ஒரு டிசைன் ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டரைத் திறப்பார்கள் என்று பார்த்தால், அங்கே வேலை பார்க்கிற டிசைனர் பெண் மறுநாள் காலை ஆறு மணிக்கே கரைக்கு வந்து மாமியார் பக்கத்தில் குந்தி, "அத்தை, இதுல எது நல்ல கருவாடுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் லேபிளில் ஒரு கூத்து. 14 இலக்க உணவு உரிம எண் சரியாக இருந்தது, ஆனால் கருவாட்டுப் பாக்கெட்டில் சைவத்துக்கான பச்சைப் புள்ளி! அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் உப்புக்காற்றில் ஸ்டிக்கர் ஓரம் சுருண்டது. பாக்கெட்டிலேயே அச்சடிக்க மாற்றியதில் மூன்று வாரம் போனது.

அவர்கள் கேட்ட காசு குறைவில்லை, ஆனால் பாதியை ஜூன் 14-க்குப் பிறகு தந்தால் போதும் என்றார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் பக்கம் கையில் காசு புரளாது என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். ஜனவரியில் ஆமை முட்டையிட வருகிற சமயத்தில் கரைப்பக்க விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு பலகையும் எழுதி வைத்தார்கள், இலவசமாக. எழுத்துதான் கொஞ்சம் பொடிசு, மாமியாருக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியவில்லை.

ஐந்துக்கு நாலு மார்க். அவசர வேலை என்றால் வேறு இடம் பாருங்கள்.