கூகுள் லென்ஸ்: தங்கச்சிமடத்து வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேலான அனுபவம்

2025 தை மாதம், ஒரு புதன்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. அண்ணன் அன்று காலை ராமேஸ்வரம் ஜெட்டியிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போயிருந்தார். எங்கள் பக்கம் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகு போகும். போனால் மறுநாள் காலையில்தான் கரை. மதினி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. குப்புறக் கிடக்கிற படகு, மேலே ஏறி உடைகிற அலை, அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். கீழே நாலு வரி: ராமேஸ்வரம் படகு நடுக்கடலில் மூழ்கியது, ஆறு பேரைக் காணவில்லை, உறுதியான தகவல், எல்லோருக்கும் அனுப்புங்கள்.

நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஒரு பார் ஐஸ் கணக்கில் வராவிட்டால்கூட ராத்திரி உட்கார்ந்து தேடுவேன். அன்றைக்கு எதையும் தேடவில்லை. ஜெபமாலைக் குரூப்பில் அந்தப் படத்தைப் போட்டு "வேண்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்படித்தான் மதினிக்குத் தெரிந்தது. ஈரக் கையோடு வாசல்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதற்குக் காரணம் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மருமகன்தான் "அத்தை, போனைக் குடுங்க" என்று வாங்கினான். படத்தை கேலரியில் திறந்து, கீழே இருந்த லென்ஸ் பட்டனைத் தொட்டான். ஒரு படத்தைக் கொடுத்தால், அதே படம் இணையத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று தேடிக் காட்டுகிற கூகுள் வசதி அது. அதே படகு, அதே அலை, அதே ஆள். ஒரு மலையாளச் செய்திப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதியோடு இருந்தது. பிறகு படத்தைப் பெரிதாக்கி, படகின் முன்பக்கத்தைக் காட்டினான். பாதி தண்ணீருக்குள் இருந்தாலும் எழுத்து தெரிந்தது: ஐ.என்.டி., அடுத்து கே.எல். எங்கள் படகுகளில் ஐ.என்.டி. டி.என். 10 எம்.எம். என்றுதான் இருக்கும். "இது கேரளா போட்டு அத்தை" என்றான். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம்.

வந்திருந்தவர்கள் "அப்பாடா, பொய்" என்று கிளம்பத் தயாரானார்கள். மதினி நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "படம் பொய்யின்னா சரி. உங்க அண்ணன் எங்க இருக்காருன்னு அதுல போட்டிருக்கா?"

இந்த ஒரு வருஷத்தில் லென்ஸைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான். படம் பழசு என்பது ஒரு விஷயம். படகு பத்திரமாக இருக்கிறது என்பது வேறு விஷயம். முதலாவதற்கு எங்களிடம் சான்று இருந்தது. இரண்டாவதற்கு ஒன்றுமே இல்லை. படகு முதலாளிக்குப் போன் போட்டேன். எட்டு மணி வாக்கில் பக்கத்துப் படகோடு வயர்லெஸில் பேசியதாகவும், எல்லாப் படகும் சேர்ந்தாற்போல் வலை இழுத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். தமிழ்நாடு போலீஸின் கடலோரக் காவல் எண் 1093-க்கும் அடித்துக் கேட்டேன். அப்படி ஒரு தகவல் தங்களுக்கு வரவில்லை என்றார்கள். அதற்கப்புறம்தான் மதினி தண்ணீர் குடித்தார். அண்ணன் காலை ஏழு மணிக்கு இறங்கினார்.

இனி பொருளைப் பற்றி.

லென்ஸ் 2017-லிருந்து இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிற எல்லோரிடமும் இருக்கும்; காசு கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைச் சேமிக்கலாம், இல்லையென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் தேடலாம். ஸ்கிரீன்ஷாட் என்றால் மேலே கீழே இருக்கிற எழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் கொடுங்கள், பலன் நன்றாக இருக்கும். முதலில் காட்டுவது பார்வைக்கு ஒத்த படங்கள். ஐம்பது படகு வரும், அதில் நம் படகு இருக்காது. அதே படம் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுகிற பகுதிக்குப் போக வேண்டும். பாதிப் பேர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு "ஒண்ணும் வரல" என்கிறார்கள்.

வாட்ஸ்அப் ஒரு படத்தை அனுப்பும்போது, எடுத்த தேதி, இடம் முதலான உள்விவரங்களை நீக்கிவிடும். அதனால் படத்துக்குள் துழாவிப் பயனில்லை. வெளியே எங்கே முதலில் வந்தது என்றுதான் தேட வேண்டும். அதைத்தான் லென்ஸ் செய்கிறது, பழைய படத்துக்கு நன்றாகவே செய்கிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த வெள்ளப் படங்கள் இப்போதும் ஒவ்வொரு மழைக்கும் "இன்று காலை" என்று வருகின்றன. அரை நிமிஷத்தில் பிடித்துவிடலாம்.

ஒரு குறை, தேதி வரிசை. பழையது முதலில் என்று லென்ஸ் அடுக்கித் தராது. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து தேதியை நாமே பார்க்க வேண்டும். 2008-லிருந்து இருக்கிற டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் பழையது முதலில் என்று வரிசைப்படுத்தலாம். ஆனால் தமிழ்நாட்டுச் செய்திப் படங்கள் எனக்கு அதில் குறைவாகத்தான் கிடைக்கின்றன. நான் லென்ஸில் தேடிவிட்டு, கிடைத்ததை டின்ஐயில் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். வீடியோவாக இருந்தால் நடுவில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். குரல் பதிவுக்கு இது ஒன்றும் உதவாது. எங்கள் பக்கம் பதற்றம் பாதி குரல் பதிவாகத்தான் வருகிறது.

பெரிய விஷயம் வேறு. எதுவும் கிடைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? இன்று காலை ஜெட்டியில் எடுத்த நிஜப் படத்துக்கும் ஒன்றும் கிடைக்காது, கம்ப்யூட்டரில் புதிதாக உருவாக்கிய போலிப் படத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. இரண்டுக்கும் ஒரே வெற்றுப் பக்கம். எங்கள் குரூப்பில் இரண்டும் நடந்திருக்கிறது. அடித்தட்டில் தண்ணீர் ஏறிய ஒரு படகின் படத்தைப் பெரியப்பா மகன் போட்டான். மருமகன் தேடினான், ஒன்றும் வரவில்லை. "லென்ஸ்ல இல்ல, புருடா" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அவன் கண்ணெதிரே எடுத்த படம் அது. மனம் நொந்து ஒரு மாதம் குரூப் பக்கமே வரவில்லை. "எங்க எடுத்த, எப்ப எடுத்த, படகு நம்பர் என்ன" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அவனே சொல்லியிருப்பான்.

இதற்கு நேர்மாறான அனுபவம் பாம்பன் பாலத்தில். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். அன்று சாயங்காலமே "புதுப் பாலம் பழுது" என்று ஒரு படம் சுற்றியது. அதில் பாலம் இரண்டு கையாகப் பிரிந்து வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. பாம்பன்காரருக்கு அதற்கு லென்ஸே வேண்டாம். அப்படிப் பிரிவது 1914-ல் திறந்த பழைய பாலம். புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிரியாமல், லிப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போகும். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். லென்ஸும் பழைய பாலம் என்றே காட்டியது. "படம் பொய், ஆக செய்தியும் பொய்" என்று நானே அழுத்தமாக எழுதினேன். மறுநாள் பத்திரிகைகளில், திறப்பு விழா அன்று தூக்குப் பாலத்தை இறக்கும்போது கோளாறு ஏற்பட்டுப் பிறகு சரிசெய்யப்பட்டதாகச் செய்தி வந்திருந்தது. யாரோ தவறான படத்தை ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். சான்று செல்லாது என்றால் அந்தச் சான்றுதான் போகிறது. சொன்ன சங்கதி இன்னும் நிரூபணமாகாமல் நிற்கிறது, பொய்யாகிவிடவில்லை. நான் எழுதியதைத் திருத்தி குரூப்பில் போட்டேன். தவறை ஒத்துக்கொண்டதால் யாரும் என்னைக் குறைவாக நினைக்கவில்லை.

அடுத்த மாதக் கடைசியில் துடுப்பு மீன். தமிழ்நாட்டு மீனவர்கள் பிடித்தது என்று, நீளமாய் வெள்ளிப் பட்டை போல மின்னுகிற, சிவப்புக் கொண்டை வைத்த மீனை ஏழெட்டுப் பேர் தூக்கி நிற்கிற வீடியோ. கூடவே "இது மேலே வந்தால் சுனாமி வரும், ஜப்பானில் நிரூபித்திருக்கிறார்கள்." இங்கே 2004 டிசம்பர் 26-ஐ மறந்தவர் கிடையாது, அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். லென்ஸ் மீனின் பெயரைச் சொன்னது, ஆழ்கடல் மீன் என்பதையும் காட்டியது. சுனாமிக்கு அது பதில் சொல்லாது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாம்தான் தேடிப் படிக்க வேண்டும். படித்தேன். ஜப்பானில் அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. 2019-ல் வந்த ஆய்வில், 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 பதிவுகளையும் 221 நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். மீன் வந்து 30 நாளுக்குள், 100 கிலோமீட்டருக்குள் நிலம் அதிர்ந்ததா என்று பார்த்ததில் பொருந்தியது ஒன்றே ஒன்று. இதைத் தமிழில் எழுதிப் போட்டேன்.

"நெருப்பில்லாமப் புகையுமா தாயி" என்று மாமா ஒருவர் கேட்டார். வயதில் பெரியவர், கடலை அறிந்தவர், அவரை அலட்சியமாகப் பேச எனக்கு மனமில்லை. "புகை வந்தா காட்டுங்க மாமா, நானும் ஓடி வர்றேன். ஆனா சுனாமி எச்சரிக்கைன்னா ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் மையத்துலருந்து வரணும். 2007-லருந்து அவங்கதான் நிலநடுக்கத்தையும் கடல் மட்டத்தையும் கணக்குப் பார்த்துச் சொல்றாங்க. காத்தே இல்லாம திடீர்னு அலை ஏறுமே, அந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கையும் அங்கருந்துதானே வருது, அதைக் கேட்டுத்தானே நீங்க வல்லத்தை மேல ஏத்துறீங்க" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அது சரிதான்" என்று மட்டும் பதில் வந்தது.

மீனை எடை போடுவதற்கு முன் மேலே ஒட்டியிருக்கிற ஐஸைத் தட்டிவிடுவார்கள். செய்தியிலும் "உறுதியான தகவல்", "ஊடகங்கள் மறைக்கின்றன", "உடனே பகிரவும்" எல்லாம் ஐஸ். தட்டிவிட்டுப் பார்த்தால், யார் பார்த்தார்கள், எந்த இடம், எந்தத் தேதி என்பது மிஞ்ச வேண்டும். பல செய்திகளில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை. அதைப் பொய் என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. சொன்னவர்தான் காட்ட வேண்டும். இரட்டை அம்புக்குறியோடு வருகிற செய்தி ஐந்து கை, அதற்கு மேலும் கை மாறி வந்தது. அதில் முதலில் சொன்ன ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது.

லென்ஸுக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். பழைய படத்தைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. அறுபது வயதுப் பெரியம்மாவுக்குப் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொடுத்தேன். ஒரு நட்சத்திரம் குறைவது அந்தத் தேதி வரிசைக்காக. கடலுக்குப் போகிற வீட்டுக்காரர்கள் இதோடு நிறுத்த வேண்டாம். 1093-ஐயும் கடலோரக் காவல்படையின் 1554-ஐயும் போனில் போட்டு வையுங்கள். படகு முதலாளியின் எண்ணை வீட்டுப் பெண்களிடமும் கொடுத்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் "நேற்று நம்ம ஊர் விசைப்படகு மூழ்கியது" என்று வந்தால், தேடுவதற்கு முன்பே, அந்தப் படகு எப்படிக் கடலுக்குப் போனது என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அடுப்படிச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில், அண்ணன் போகிற தேதித் தாளில் படகு எண்ணையும் கூடப் போகிறவர்கள் பெயரையும் எழுதி வைக்கிறோம். ஆரம்பித்தது மதினி. போன சனிக்கிழமை அவசரத்தில் எழுதாமல் விட்டுவிட்டார். அண்ணன் தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து, சன்னல் வழியாகக் கூப்பிட்டார்: "கடலுக்குப் போக டோக்கன் போட்டாச்சு. இன்னைக்கு வேற போட்டுல போறேன். நம்பர் சொல்றேன், எழுதிக்கம்மா."