ஜிஆர்பிசி: பதில் வராத அழைப்புகளை வைத்து ஒரு மதிப்பீடு

சர்வர்கள் தமக்குள் கோரிக்கையும் பதிலும் பரிமாறிக்கொள்ள உதவும் திறந்த மூலக் கருவிகளில் ஜிஆர்பிசிக்குத் தனி இடம் உண்டு. கூகுள் தன் உள்வேலைகளுக்கு ஸ்டப்பி என்ற பெயரில் பல ஆண்டுகள் வைத்திருந்த அமைப்பின் அடுத்த தலைமுறையாக 2015இல் இதை வெளியிட்டது. 2016 ஆகஸ்டில் 1.0 பதிப்பு வந்தது. 2017இல், திறந்த மூலத் திட்டங்களைப் பராமரிக்கும் சிஎன்சிஎஃப் அமைப்பின் பொறுப்புக்குச் சென்றது. பல கணினிகளில் சேவைகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் தன் நிலைத் தகவல்களைச் சேமித்துவைக்கும் எட்சிடி என்ற டேட்டாபேஸின் மூன்றாம் பதிப்பு, கிளையண்டுகளுடன் (கோரிக்கை அனுப்பும் பக்கத்துடன்) பேசுவதும் இதன் வழியாகத்தான். ஆகவே இது ஓடுமா என்று கேட்க வேண்டிய காலம் போய்விட்டது. பதில் வரவேண்டிய நேரத்தில் வராதபோது இது நமக்கு என்ன செய்து தருகிறது, எதை நம் தலையில் விட்டுவிடுகிறது என்று பார்ப்பதே இப்போது பயனுள்ளது.

முதல் பலம் ஒப்பந்தக் கோப்பு. எந்தச் சேவை, அதில் எந்த மெத்தட், அது எதை வாங்கும், எதைத் தரும் என்பதையெல்லாம் ஒரு புரோட்டோ கோப்பில் எழுதிவிட்டால், இரு பக்கத்துக்கும் தேவையான நிரலைக் கம்பைலரே உருவாக்கித் தந்துவிடும். ஒருபுறம் ஜாவாவும் மறுபுறம் கோ மொழியும் இருந்தாலும் இரு குழுவினரும் ஒரே கோப்பைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். செய்தியிலுள்ள ஒவ்வொரு தகவலும் ஒரு ஃபீல்டு; நெட்வொர்க்கில் ஃபீல்டின் பெயர் போவதில்லை, கோப்பில் அதற்குத் தந்த எண் மட்டுமே போகிறது. முதல் ஃபீல்டில் 150 என்ற முழு எண்ணை வைத்தால் 08 96 01 (பதினாறடிமானத்தில்) என்ற மூன்று பைட்டுகளில் வேலை முடிந்துவிடுகிறது: 08 என்பது 1ஆம் ஃபீல்டு, எண் வகை என்று சொல்கிறது, மற்ற இரண்டும் 150ஐச் சுமக்கின்றன. ஆனால் ஒருமுறை புழக்கத்துக்குப் போன எண்ணை நீக்கியபின் வேறொரு பொருளுக்குக் கொடுத்தால், பழைய கிளையண்ட் அதைத் தவறாகப் படித்துவிடும். அதைத் தடுக்கவே ரிசர்வ்ட் என்ற குறிப்பு இருக்கிறது. அதை எழுதாமல் விடுகிற குழுக்களும் இருக்கின்றன.

அடியில் ஓடுவது எச்டிடிபி/2. ஒரே டிசிபி இணைப்பில் பல அழைப்புகள், முந்தையது முடியட்டும் என்று காத்திருக்காமல், ஒரே நேரத்தில் போய்வரும். ஒரே அழைப்பில் பல செய்திகளைத் தொடர்ந்து அனுப்பும் ஸ்ட்ரீமிங் வகைகள் மூன்று உண்டு. கருவியை அறிமுகப்படுத்துபவர்கள் அவற்றைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். ஒரு கோரிக்கைக்கு ஒரு பதில் என்ற யூனரி வகையே பெரும்பாலான சேவைகளுக்குப் போதும் என்பது என் கருத்து. ஸ்ட்ரீம் நடுவில் அறுந்தால் எங்கிருந்து தொடர்வது என்பதை நாமே எழுத வேண்டும்.

இந்தக் கருவிக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதிக்கு மேல், பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்குக் கெடு (டெட்லைன்) வைக்கும் வசதிக்கே உரியது. கிளையண்ட் ஓர் அழைப்புக்கு இரண்டு நொடி கெடு வைத்தால், அது கோரிக்கையின் ஹெட்டரிலேயே சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. ஆர்டர் சேவை அதில் 600 மில்லிநொடியைச் செலவழித்துவிட்டுச் சரக்கிருப்புச் சேவையை அழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குக் கிடைப்பது மீதமுள்ள 1400 மில்லிநொடி மட்டுமே. அது இன்னொரு சேவையை அழைத்தால் அதற்கு இன்னும் குறைவு. இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்பதால், எத்தனை மணிக்குள் என்று அனுப்பாமல், இன்னும் எவ்வளவு நேரம் என்றே அனுப்புகிறார்கள். சாப்பிட வந்தவர் எழுந்துபோன பிறகும் கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருப்பது போன்ற வீண்வேலை இதனால் வெகுவாகக் குறைகிறது. ஒவ்வொரு சேவையிலும் தனித்தனியாக 30 நொடி டைம்அவுட் எழுதி வைத்திருந்த அமைப்புகளில், கிளையண்ட் எப்போதோ கைவிட்டுவிட்ட கோரிக்கைக்காக டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவ்வளவு நல்ல வசதியை, கேட்டால்தான் தருவேன் என்று வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், அழைப்பு வரம்பில்லாமல் காத்திருக்கும். அடுத்த சேவைக்குக் கெடுவைக் கடத்துவதும் மொழிக்கு மொழி மாறுகிறது: கோ மொழியில், அழைப்பின் விவரங்களைச் சுமக்கும் காண்டெக்ஸ்ட்டைக் கைமாற்றினால் கெடுவும் கூடவே போகும், ஜாவாவிலும் அது தானாகவே போகும், சி பிளஸ் பிளஸில் வெளிப்படையாகக் கேட்டால்தான் போகும். மேலும், கெடு முடிந்ததும் சர்வருக்குக் கிடைப்பது அழைப்பு ரத்தாகிவிட்டது என்ற தகவல் மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்துவது நம் நிரலின் பொறுப்பு.

கருவி எதுவானாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பதில் வரவில்லை என்றால், கோரிக்கை போய்ச் சேரவே இல்லையா, சேர்ந்து வேலை நடுவில் நின்றதா, வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்ததா என்பதைக் கிளையண்டால் அறிய முடியாது. 1984இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தின் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும், வேறொரு கணினியிலுள்ள நிரலை அழைக்கும் இவ்வகை அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது தெளிவாக இருக்கிறது: பதில் திரும்பினால் வேலை சரியாக ஒருமுறை நடந்திருக்கும், பிழை திரும்பினால் ஒருமுறை நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம், எது என்று சொல்லப்படாது. ஜிஆர்பிசியிலும் நிலைமை இதுவே. 0 முதல் 16 வரையிலான அதன் நிலைக் குறியீடுகளில் 4 என்பது கெடு முடிந்ததைக் குறிக்கிறது. சர்வர் வெற்றி என்று முடித்துவைத்த அதே அழைப்பு கிளையண்டிடம் 4 என்று முடியலாம் என்பதை அதன் ஆவணங்களே மறைக்காமல் சொல்கின்றன.

சர்வரின் நிரலை எட்டவே எட்டாத கோரிக்கையை ஜிஆர்பிசி தானாகவே மறுபடி அனுப்பிப் பார்க்கும். அதற்கு மேல் மறுமுயற்சி வேண்டுமென்றால், எந்தக் குறியீடுகளுக்கு, எத்தனை முறை என்று நாம்தான் எழுதித்தர வேண்டும். சர்வர் கிடைக்கவில்லை என்று பொருள்படும் 14ஐ அந்தப் பட்டியலில் போடுவது பொதுவான வழக்கம். சரக்கிருப்பை விசாரிக்கும் அழைப்புக்கு அது சரி, கணக்கிலிருந்து பணம் கழிக்கும் அழைப்புக்கு ஆபத்து. பணம் கழிப்பதென்றால், கிளையண்ட் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண்ணை உருவாக்கி மறுமுயற்சியிலும் அதையே அனுப்ப வேண்டும். சர்வர், பணம் கழிக்கும் அதே டேட்டாபேஸ் டிரான்ஸாக்ஷனுக்குள் அந்த எண்ணையும் பதிந்துகொண்டு, அது மீண்டும் வந்தால் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். இந்த ஏற்பாட்டை நாமே எழுத வேண்டும் என்பதை மறந்துவிட்டு மறுமுயற்சியை மட்டும் இயக்குவது, அதை இயக்காமலே இருப்பதைவிட மோசம்.

குபர்நெட்டிஸில் நிறுவுபவர்கள் பெரும்பாலும் முதலில் இடறுவது சுமைப் பகிர்வில்தான். அங்கே ஒரு சேவையின் ஒவ்வொரு நகலும் ஒரு பாடில் (pod) ஓடுகிறது; கோரிக்கைகளைப் பாட்களுக்குப் பிரித்தனுப்பும் வழக்கமான சர்வீஸ், இணைப்பு உருவாகும் தருணத்தில்தான் எந்தப் பாடுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறது. ஜிஆர்பிசியோ திறந்த இணைப்பை மூடாமல் மணிக்கணக்கில் அதையே பயன்படுத்துகிறது. பத்துப் பாட்கள் ஓடினாலும் ஒரு கிளையண்டின் கோரிக்கைகள் எல்லாம் ஒன்றின் மீதே விழுவதும், சுமையைக் குறைக்கப் புதிதாகச் சேர்த்தவை சும்மா இருப்பதும் இதனால்தான். எல்லாப் பாட்களின் முகவரிகளையும் நேரடியாகத் தரும் ஹெட்லெஸ் சர்வீஸ் வைத்து, முதலில் இணைந்ததற்கே அனுப்பும் கிளையண்டின் இயல்பான பிக் ஃபர்ஸ்ட் கொள்கையை, முறைவைத்து அனுப்பும் ரவுண்ட் ராபினுக்கு மாற்றுவது ஒரு வழி. எச்டிடிபி/2ஐப் புரிந்துகொள்ளும் என்வாய் போன்ற புராக்ஸியை நடுவில் வைப்பது இன்னொரு வழி. முதல் வழியில் போகிறவர்கள், இணைப்பின் ஆயுளுக்குச் சர்வரில் உச்சவரம்பு வைத்துவிட்டால், அது அறுந்து மீளும்போது பாட்களின் பட்டியலும் புதுப்பிக்கப்படும்.

மற்ற குறைகள் சிறியவை. பெறும் செய்தியின் அளவுக்கு இயல்பான வரம்பு 4 எம்பி. கோப்புகளை அனுப்ப இது ஏற்றதல்ல. பிரவுசரிலிருந்து நேரடியாக அழைக்க முடியாது; பிரவுசருக்கான வடிவமான ஜிஆர்பிசி-வெப்பும் அதை மாற்றித்தரும் ஓர் அடுக்கும் வேண்டும். போய்வரும் பைட்டுகளைக் கண்ணால் பார்த்துப் படிக்க முடியாது என்றாலும், ஜிஆர்பிசிகர்ல் என்ற கட்டளைக் கருவி அந்தக் குறையைப் பெரும்பாலும் போக்கிவிடுகிறது.

வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு குழுக்களின் கையில் உள்ள பல சேவைகள் உள்ளுக்குள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் இடத்துக்கு இதைத் தயங்காமல் எடுக்கலாம். கெடு இல்லாத அழைப்பைக் கோட் ரிவ்யூவில் ஏற்பதில்லை என்ற விதியை மட்டும் முதல் நாளே போட்டுவிடுங்கள். வெளியார் அழைக்கும் ஏபிஐக்கு எச்டிடிபியும் ஜேசனுமே வசதி. இரண்டு மூன்று சேவைகளும் ஒரு பிரவுசர் முகப்பும் மட்டுமே வைத்திருக்கும் சிறு குழுவுக்கு, இதற்காகக் கம்பைலர், புராக்ஸி, ஹெட்லெஸ் சர்வீஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளும் பாரம், கிடைக்கும் பயனைவிட அதிகம்.