உண்டியலா, சட்டமா? குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எது கைகொடுக்கும்?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் 20 வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 15,000 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. மருந்து நிறுவனங்களின் கணக்கில் இது சின்னச் சந்தை. அதுவும் பல வகை நோய்களாகச் சிதறிக் கிடக்கும் சந்தை. பெரியவர்களின் மார்பகப் புற்றுநோய்க்குக் கோடிகளைக் கொட்டும் நிறுவனம், சில நூறு குழந்தைகளுக்கு மட்டுமே வரும் மூளைக்கட்டிக்கு அதே அக்கறையைக் காட்டுவதில்லை. இந்தப் பள்ளத்தை நிரப்ப அங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மக்களிடம் நிதி திரட்டும் அறக்கட்டளை. மற்றது, நாடாளுமன்றம் இயற்றும் சட்டம். இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் உதவ நினைப்பவரிடம் இருக்கும் பணமும் நேரமும் அளவானவை. எதை எங்கே போடுவது என்று அவர் முடிவு செய்தே ஆக வேண்டும்.

அறக்கட்டளைப் பணத்தின் பெரிய பலம் அதன் துணிச்சல். 1948-இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் மருந்தைக் கொடுத்ததில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்ததாக அறிவித்தார். அந்த முன்னேற்றம் தற்காலிகமானதுதான். ஆனால் அதுவரை மருத்துவம் கைவிட்டிருந்த நோய் அது. அதே ஆண்டு ஒரு வானொலி நிகழ்ச்சி வழியாக, குழந்தைப் புற்றுநோய்க்குப் பணம் திரட்டும் 'ஜிம்மி நிதி' தொடங்கியது. பொதுமக்கள் அனுப்பிய பணம் 2 லட்சம் டாலரைத் தாண்டியது. 1962-இல் மெம்ஃபிஸில், நன்கொடையை நம்பி இயங்கும் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை திறந்தபோது, குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயில் பிழைத்தவர்கள் 100-க்கு சுமார் 4 பேர். இன்று 90-க்கு மேல். இந்த ஏற்றம் முழுவதையும் நன்கொடைக் கணக்கில் எழுத முடியாது. அரசு நிதியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனைகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

இன்றும் அந்தத் துணிச்சல்தான் அறக்கட்டளைகளின் பயன். கையில் ஒரு புது யோசனை மட்டும் இருக்கிற, முதற்கட்டத் தரவு எதுவும் இல்லாத இளம் ஆராய்ச்சியாளருக்கு அரசு மானியம் கிடைப்பது மிகக் கடினம். முதலில் அவரை நம்பிப் பணம் தருவது பெரும்பாலும் ஓர் அறக்கட்டளை. அந்தப் பணத்தில் திரட்டிய தரவைக் காட்டித்தான் அவர் பெரிய மானியம் கேட்கிறார். அலெக்ஸாண்ட்ரா ஸ்காட் என்ற சிறுமி நான்கு வயதில், 2000-இல், எலுமிச்சைச் சாறு விற்று நிதி திரட்டத் தொடங்கினாள். 2004-இல் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்றுநோய் அவள் உயிரைப் பறித்தது. அதற்குள் அவளும் அவளைப் பார்த்துக் கடை போட்டவர்களும் சேர்த்த தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அவள் பெயரில் இயங்கும் அறக்கட்டளை இன்றும் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறது.

குறை இல்லாமல் இல்லை. மனதை உருக்கும் படத்துக்குப் பணம் ஓடி வரும். பல ஆண்டு திசு மாதிரி சேகரிப்பது போன்ற சலிப்பூட்டும் வேலைக்கு அவ்வளவு எளிதில் வராது. அதைவிடக் கொடுமை, மோசடி. 2015-இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையமும் எல்லா மாநிலங்களும் சேர்ந்து நான்கு போலிப் புற்றுநோய்த் தொண்டு அமைப்புகள் மேல் வழக்குத் தொடுத்தன. மக்களிடம் அவை ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்ட தொகை 18.7 கோடி டாலர். அதில் ஒன்று குழந்தைகளின் பெயரையே தன் பெயரில் வைத்திருந்தது.

சட்டத்தின் பக்கம் வருவோம். மூளைக்கட்டியால் 2013-இல், 10 வயதில் இறந்த கேப்ரியெல்லா மில்லர், தலைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் செயலில் இறங்க வேண்டும் என்று கேட்டவள். 2014-இல் அவள் பெயரில் வந்த சட்டம், கட்சி மாநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த அரசுப் பணத்தைத் திருப்பி, ஆண்டுக்கு 1.26 கோடி டாலர் வீதம் பத்து ஆண்டுகள் குழந்தை நோய் ஆராய்ச்சிக்கு வழி செய்தது. குழந்தைப் புற்றுநோய்களின் மரபணுத் தரவை எல்லா ஆராய்ச்சியாளருக்கும் திறந்துவிடும் ஒரு களஞ்சியம் அதனால் உருவானது. 2018-இன் ஸ்டார் சட்டம் ஆண்டுக்கு 3 கோடி டாலரை அனுமதித்தது. மேலே சொன்ன திசு மாதிரி சேகரிப்பும், பிழைத்த குழந்தைகள் வளர்ந்த பின் சந்திக்கும் பாதிப்புகள் பற்றிய ஆய்வும் அதில் அடக்கம்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். சட்டம் 'அனுமதிக்கும்' தொகை வேறு, ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் உண்மையில் ஒதுக்கப்படும் தொகை வேறு. சட்டம் நிறைவேறிய அன்று வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் கலைந்துபோனால் காகிதம்தான் மிஞ்சும்.

சரி, பணத்தை விடுங்கள். அறக்கட்டளையால் எவ்வளவு திரட்டினாலும் செய்ய முடியாத ஒன்று, மருந்து நிறுவனத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்புவது. அதற்கும் சட்டத்தில் இரு வழிகள் உண்டு. 2017-இல் இயற்றப்பட்டு 2020-இல் நடைமுறைக்கு வந்த ரேஸ் சட்டம் கண்டிப்பு வழி. முன்பெல்லாம் புராஸ்டேட் புற்றுநோய் குழந்தைகளுக்கு வராது என்று சொல்லி, அதற்கான புது மருந்தைக் குழந்தைகளிடம் ஆராயாமல் நிறுவனங்கள் விலக்குப் பெற்றுக்கொள்ளும். இப்போது கேள்வி மாறிவிட்டது: அந்த மருந்து குறிவைக்கும் மூலக்கூறு குழந்தைப் புற்றுநோயிலும் பங்கு வகிக்கிறதா? ஆம் என்றால் ஆராய்ந்தாக வேண்டும்.

மற்றது ஊக்க வழி. 2012-இல் வந்த திட்டப்படி, குழந்தைகளின் அரிய நோய்க்கு மருந்து கொண்டுவரும் நிறுவனத்துக்கு, வேறொரு மருந்தின் அரசுப் பரிசீலனையைச் சுமார் பத்து மாதத்திலிருந்து ஆறு மாதமாகக் குறைக்கும் வவுச்சர் கிடைக்கும். அதை விற்கவும் செய்யலாம். 2015-இல் நியூரோபிளாஸ்டோமாவுக்கான டைனுடுக்ஸிமாப் மருந்துக்குக் கிடைத்த வவுச்சர் 35 கோடி டாலருக்கு விற்றது. பின்னாளில் விலை 10 கோடி அளவுக்கு இறங்கியது. 2024 டிசம்பரில் புதுப்பிக்கப்படாமல் திட்டமே ஒருமுறை காலாவதியானது.

இரண்டில் நான் ரேஸ் சட்டத்தின் பக்கம். வரி செலுத்துவோருக்குப் பெரிய செலவில்லை, சந்தை விலையை நம்பியும் அது நிற்கவில்லை. ஆனால் பெரியவர்களுக்கென மருந்து தயாராகும்போதுதான் அதற்கு வேலையே. யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் போல முக்கியமாகக் குழந்தைகளையும் இளைஞர்களையும் தாக்கும் நோய்க்கு, அதற்கே உரிய மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்து வேண்டும். அதைப் பெரியவர்களுக்காக யாரும் தேடப் போவதில்லை. அங்கே ஊக்கமும், அதற்கும் முன்னால் அறக்கட்டளையின் முதல் பணமும் இல்லாமல் எதுவும் நகராது.

ஆகவே அங்கே வாழ்கிற, உதவ நினைக்கிற ஒருவரிடம் நான் சொல்வது இது. கையில் இருப்பது பணம் என்றால் அறக்கட்டளைக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஆராய்ச்சிக்கு எவ்வளவு போகிறது, யாருக்கு மானியம் என்பதைத் துறை அறிஞர்கள் மதிப்பிட்டு முடிவு செய்கிறார்களா என்று அதன் ஆண்டறிக்கையில் பாருங்கள். நேரம் இருக்கிறது, வாக்குரிமையும் இருக்கிறது என்றால் அதைச் சட்டத்தின் பக்கம் செலவிடுங்கள். புது மசோதா வரும்போது மட்டும் இல்லை, ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் ஒதுக்கீடு நடக்கும் மாதங்களில் உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு எழுதி, ஸ்டார் சட்டத்துக்கு முழுத் தொகையும் ஒதுக்கப்படுகிறதா என்று கேளுங்கள்.