எல்லாம் ஒரே இடத்துலயா, இல்ல டொமைன் டிஎன்எஸ் ஹோஸ்டிங் தனித்தனியா?

இப்பதான் ஒரு வேர்ட்பிரஸ் சைட்ட பழைய ஹோஸ்டிங்ல இருந்து புதுசுக்கு மாத்தி முடிச்சேன், காரணம் வேற ஒண்ணும் இல்ல, பக்கம் திறக்க ரொம்ப நேரம் எடுத்துச்சு. சூடு ஆறுறதுக்குள்ள இத எழுதிடணும்னு தோணுச்சு. "எந்த ஹோஸ்டிங் ஃபாஸ்ட்டா இருக்கும்"னு எல்லாரும் கேக்குறாங்க, டொமைன (சைட்டோட பேரு) எங்க வைக்கணும் டிஎன்எஸ் (அந்த பேருக்கு எந்த சர்வர்னு சொல்ற பட்டியல்) எங்க இருக்கணும்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி, ஆனா ரெண்டு மூணு வருஷம் கழிச்சும் சைட்டு வேகமா இருக்குமாங்கிறத பெரும்பாலும் அந்த கேள்விதான் முடிவு பண்ணுது. நான் எந்த பக்கம்னு முன்னாடியே சொல்லிடறேன், தனித்தனியா வைக்கிற பக்கம்.

முதல் வழி எல்லாருக்கும் தெரிஞ்சது. ஹோஸ்டிங் வாங்கும்போதே டொமைன் ஒரு வருஷம் ஃப்ரீன்னு குடுப்பாங்க, நேம்சர்வர் (டிஎன்எஸ் பட்டியல வச்சு பதில் சொல்ற சர்வர்) அவங்களோடது, மெயிலும் அதே சர்வர்ல, எல்லாம் சிபேனல்ங்கிற ஒரே கன்ட்ரோல் பக்கத்துல. ரெண்டாவது வழில டொமைன் ஒரு ரிஜிஸ்ட்ரார்கிட்ட (டொமைன் பேரு விக்கிற கம்பெனி), டிஎன்எஸ் கிளவுட்ஃபிளேர் மாதிரி தனி இடத்துல, ஹோஸ்டிங் இன்னொருத்தர்கிட்ட, மெயில் முடிஞ்சா நாலாவது இடத்துல. லாகின் கூடும், பில் கூடும், ரினியூவல் தேதி கூடும். சுலபம்னு பாத்தா முதல் வழிதான் ஜெயிக்கும், அதுல பேச்சே இல்ல.

வேகத்துக்கு வருவோம். முதல் நாள் வேகத்த மட்டும் பாத்தா ரெண்டுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் கிடையாது. ஒருத்தர் சைட்ட திறக்கும்போது நேரம் எங்க போகுதுன்னு பாருங்க. முதல்ல டிஎன்எஸ், அதாவது பேர குடுத்து ஐபி அட்ரஸ் வாங்குறது, இது பெரும்பாலும் சில பத்து மில்லிசெகண்ட், ஒரு தடவ கேட்டுட்டா கேஷ்ல (தற்காலிகமா சேத்து வைக்கிற இடம்) உக்காந்துரும். அப்புறம் சர்வரோட டிசிபி கனெக்ஷன் போட ஒரு ரவுண்டு போய் வரணும், அத பூட்டி பாதுகாக்குற டிஎல்எஸ் 1.3க்கு இன்னொரு ரவுண்டு (பழைய 1.2ன்னா ரெண்டு), பக்கத்த கேட்டு வாங்க ஒரு ரவுண்டு. ஃபைபர்ல ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், அதனால சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தா ஒரு ரவுண்டுக்கே குறஞ்சது 100 மில்லிசெகண்ட், மூணுக்கு 300, அதுல சர்வர் வேலை பாக்குற நேரம் இன்னும் சேரவே இல்ல. அதுக்கு மேல வேர்ட்பிரஸோட பிஎச்பி கோடு ஓடி டேட்டாபேஸ கேட்டு பக்கத்த கட்டணும். முதல் பைட் 800 மில்லிசெகண்டுக்குள்ள வந்தா நல்லதுன்னு கூகுள் சொல்லுது, பக்கத்தோட பெரிய படமோ பத்தியோ 2.5 செகண்டுக்குள்ள தெரியணும்னும் சொல்லுது. ஆக சர்வர் உங்க வாசகர்களுக்கு பக்கத்துல இருக்கா, பேஜ் கேஷ் (கட்டி முடிச்ச பக்கத்த சேத்து வச்சு குடுக்கிறது) ஓடுதா, இந்த ரெண்டுலயே பெரும்பங்கு முடிஞ்சுது. டிஎன்எஸ் கம்பெனிய மட்டும் மாத்தினா சைட்டு பறக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னொன்னு, கிளவுட்ஃபிளேர சர்வருக்கு முன்னாடி ப்ராக்ஸியா, அதாவது வர்றவங்க எல்லாரும் அது வழியா போற மாதிரி, வச்சதும் எல்லாமே கேஷ் ஆயிடுதுன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. சும்மா விட்டா அது படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி ஃபைல்கள மட்டும்தான் கேஷ் பண்ணும், எச்டிஎம்எல் பக்கத்த பண்ணாது. அதுக்கு தனியா கேஷ் ரூல் போடணும், லாகின் பண்ணினவங்களோட குக்கி இருந்தா கேஷ் வேண்டாம்னும் சேத்து சொல்லணும், இல்லனா ஒருத்தரோட கார்ட் பக்கம் இன்னொருத்தருக்கு போயிடும். கிளவுட்ஃபிளேர் உங்க சர்வரோட எப்படி பேசணும்னு சொல்ற எஸ்எஸ்எல் மோட ஃபுல் ஸ்ட்ரிக்ட்ல வைங்க. ஃப்ளெக்சிபிள்ல விட்டா கிளவுட்ஃபிளேர் சர்வருக்கு பூட்டில்லாத சாதா எச்டிடிபில பேசும், சர்வர் எச்டிடிபிஎஸ்க்கு போன்னு திருப்பி அனுப்பும், அப்படியே சுத்திக்கிட்டே இருக்கும்.

ரீடைரக்டையும் (ஒரு முகவரில இருந்து இன்னொண்ணுக்கு திருப்பி விடுறது) இங்கயே சொல்லிடறேன். எச்டிடிபில இருந்து எச்டிடிபிஎஸ், அங்க இருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூன்னு ரெண்டு தாவல் வைக்காதீங்க. பேரு மாறினா டிஎன்எஸ்ஸும் கனெக்ஷனும் திரும்ப முதல்ல இருந்து, மொபைல்ல வர்றவங்களுக்கு அது நல்லாவே உறைக்கும்.

சரி, முதல் நாள் வேகம் ஒண்ணுன்னா அப்புறம் எதுக்கு தனித்தனி? அந்த ஹோஸ்டிங்க விட்டு கிளம்புற நாளுக்காக. பல சைட்டு ஒரே மெஷின பங்கு போட்டுக்கிற ஷேர்டு ஹோஸ்டிங்ல இன்னைக்கு உங்க சர்வர் காலியா இருக்கும், நாளைக்கு அதே மெஷின்ல இன்னும் நிறைய சைட்ட ஏத்துவாங்க, உங்க சைட்டும் வளரும், ரினியூவல் விலையும் முதல் வருஷ விலை மாதிரி இருக்காது. எவ்வளவு பாத்து பாத்து வாங்கினாலும் ஒரு நாள் சைட்டு ஸ்லோ ஆகும், அன்னைக்கு கை வைக்க வேண்டியது பல சமயம் ஹோஸ்டிங்லதான். மாத்துறது சுலபமா இருந்தா ஒரு சாயங்காலத்துல மாத்திடுவீங்க, கஷ்டமா இருந்தா "பரவால்ல ஓடட்டும்"னு விட்டுடுவீங்க. ஸ்லோ சைட்டு நிறைய அப்படி விட்டதுதான். நான் மாத்தின சைட்டும் ஸ்லோன்னு தெரிஞ்சே ரொம்ப நாள் அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு.

எல்லாம் ஒரே இடத்துல இருக்கிற சைட்ட மாத்தும்போது என்ன ஆகுதுன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன். அங்கயும் சோன் எடிட்டர்ல (டிஎன்எஸ் பட்டியல திருத்துற பக்கம்) ஏ ரெக்கார்ட, அதாவது பேருக்கு ஐபி சொல்ற வரிய, மட்டும் புது ஐபிக்கு மாத்திக்கலாம், நியாயமா அத ஒத்துக்கணும். ஆனா பழைய ஹோஸ்டிங் கணக்க மூடின அன்னைக்கு அந்த டிஎன்எஸ் சோனும் சேந்து போயிடும், அதனால எப்படியும் நேம்சர்வர மாத்தியே ஆகணும். அங்கதான் சிக்கல். டாட் காம் டொமைனுக்கு நேம்சர்வர் தகவல ரிஜிஸ்ட்ரி (டாட் காம் பேரு எல்லாத்தையும் வச்சு நடத்துறவங்க) 1,72,800 செகண்ட் டிடிஎல்லோட (பதில எவ்வளவு நேரம் கேஷ்ல வச்சுக்கலாம்ங்கிற கெடு) குடுக்குது, அதாவது 2 நாள், அது உங்க கையிலயும் இல்ல ரிஜிஸ்ட்ரார் கையிலயும் இல்ல. ஐபியும் சேந்து மாறினா அந்த 2 நாளும் சில பேருக்கு பழைய சர்வர், சில பேருக்கு புதுசு. ஆர்டரும் கமெண்ட்டும் ரெண்டு டேட்டாபேஸ்ல பிரிஞ்சு விழும்.

அடுத்தது மெயில். சிபேனல்ல பொதுவா எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்றது) உங்க டொமைன் பேரையே காட்டிக்கிட்டு இருக்கும். வெப்சைட்டுக்காக ஏ ரெக்கார்ட மாத்தினா மெயிலும் புது சர்வர தேடிக்கிட்டு போகும், அங்க மெயில் பாக்ஸே இருக்காது. முன்னாடியே மெயிலுக்குன்னு ஒரு சப்டொமைன் போட்டு பழைய ஐபிய குடுத்து எம்எக்ஸ அதுக்கு திருப்பி வைக்கணும், கிளவுட்ஃபிளேர்ல இருந்தா அந்த ரெக்கார்ட ப்ராக்ஸி இல்லாம சாம்பல் மேகமா வைக்கணும். மெயில் உங்ககிட்ட இருந்துதான் வருதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் பெரும்பாலும் டெக்ஸ்ட் ரெக்கார்டா இருக்கும், புது இடத்துக்கு போகும்போது அத ஒண்ணு விடாம காப்பி பண்ணணும். ஒண்ணு விட்டாலும் சைட்டு ஓடும், அதனால யாருக்கும் தெரியாது, நீங்க அனுப்புற மெயில் மட்டும் சத்தமில்லாம ஸ்பாமுக்கு போகலாம்.

டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலுக்கு கையெழுத்து போடுறது) ஆன்ல இருந்தா இன்னும் மோசம். ரிஜிஸ்ட்ரார்கிட்ட இருக்கிற டிஎஸ் ரெக்கார்ட (அந்த கையெழுத்த சரிபாக்க உதவுற அடையாளம்) முதல்ல எடுத்துட்டு, அது எல்லா இடத்துலயும் காலாவதி ஆகுற வரைக்கும் பொறுத்து, அப்புறம்தான் நேம்சர்வர மாத்தணும். வரிசை மாறினா கையெழுத்து சரிபாக்குற ரிசால்வர் (நமக்காக டிஎன்எஸ்ல கேட்டு சொல்ற சர்வர்) வழியா வர்றவங்க எல்லாருக்கும் சைட்டே இல்லாத மாதிரி ஆயிடும், உங்க ரிசால்வர் சரிபாக்கலனா உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் நல்லா தெரிஞ்சுக்கிட்டு இருக்கும்.

இப்ப தனித்தனியா இருந்தா எப்படின்னு பாருங்க. நேம்சர்வர தொடவே வேண்டாம். முந்தின நாள் ஏ ரெக்கார்டோட டிடிஎல் 86,400ல இருந்தா அத 300க்கு இறக்கிடுங்க, முந்தின நாளே ஏன்னா பழைய டிடிஎல் தீர்ற வரைக்கும் புதுசு யாருக்கும் போய் சேராது. ஃபைலையும் டேட்டாபேஸையும் புது சர்வர்ல ஏத்துங்க. உங்க கம்ப்யூட்டர்ல ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (டிஎன்எஸ்ஸ கேக்குறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் பாக்குற சொந்த பட்டியல்) புது ஐபிய போட்டு, உலகத்துக்கே தெரியாம புது சைட்ட அதே பேருல திறந்து பாத்துக்கலாம். எஸ்எஸ்எல் சர்ட்டிஃபிகேட்ட கூட முன்னாடியே வாங்கி வச்சுக்கலாம், அத இலவசமா குடுக்குற லெட்ஸ் என்க்ரிப்ட்ல சாதாரண எச்டிடிபி சேலஞ்சுக்கு (டொமைன் உங்களோடதான்னு பாக்குற சோதனை) டொமைன் ஏற்கனவே புது சர்வர காட்டிக்கிட்டு இருக்கணும், டிஎன்எஸ் சேலஞ்சுக்கு ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு போதும், டிஎன்எஸ் நம்ம கையில இருக்கிறதால அது ரெண்டு நிமிஷ வேலை. எல்லாம் சரின்னு பாத்துட்டு ஏ ரெக்கார்ட மாத்தினா அஞ்சு பத்து நிமிஷத்துல கிட்டத்தட்ட எல்லாரும் புது சர்வர்ல. ஏதாவது சொதப்பினா அதே அஞ்சு நிமிஷத்துல பழைய ஐபிய போட்டுக்கலாம், எனக்கு ரொம்ப பெரிய நிம்மதியே அதுதான். மெயில் தனியா இருந்துச்சுன்னா அதுக்கு இந்த மாற்றமே தெரியாது.

இதுலயும் பாத்து பண்ண வேண்டியது ரெண்டு இருக்கு. ஒண்ணு ஏஏஏஏ ரெக்கார்டு. ஏ ரெக்கார்ட மாத்திட்டு ஐபிவி6க்கான (ஐபி அட்ரஸோட புது வடிவம்) இந்த ரெக்கார்ட பழசாவே விட்டா ஐபிவி6 இருக்கிறவங்க எல்லாரும் பழைய சர்வருக்கே போய்க்கிட்டு இருப்பாங்க, மொபைல் நெட்வொர்க்ல அது நிறைய பேரு. புது சர்வர்ல ஐபிவி6 இல்லனா அந்த ரெக்கார்ட தூக்கிடுங்க. இன்னொன்னு சிஏஏ ரெக்கார்டு, யாரு உங்களுக்கு சர்ட்டிஃபிகேட் குடுக்கலாம்னு சொல்றது அது, அதுல பழைய சர்ட்டிஃபிகேட் கம்பெனி பேரு மட்டும் இருந்து, புது ஹோஸ்டிங் வேற கம்பெனிகிட்ட வாங்கினா, எவ்வளவு முயற்சி பண்ணினாலும் சர்ட்டிஃபிகேட் வராது.

தனித்தனியா வைக்கிறதுல இன்னொரு லாபம், நாளைக்கு வேர்ட்பிரஸ்ஸே வேண்டாம், ஹியூகோ மாதிரி ஒரு மென்பொருள வச்சு ஸ்டாட்டிக் பக்கமா (முன்னாடியே கட்டி வச்ச ஃபைல்) போட்டு நெட்லிஃபைலயோ கிட்ஹப் பேஜஸ்லயோ வைக்கலாம்னு தோணினா அதுக்கும் தடை இல்ல. மொட்ட டொமைனுக்கு, அதாவது முன்னாடி எதுவும் ஒட்டாத பேருக்கு, சிநேம் (ஒரு பேர இன்னொரு பேருக்கு காட்டுற ரெக்கார்டு) போட டிஎன்எஸ் விதி விடாது, ஏன்னா அங்க ஏற்கனவே என்எஸ் எஸ்ஓஏன்னு கட்டாயமான ரெக்கார்டு எல்லாம் இருக்கு, சிநேம் இருக்கிற பேருல வேற ரெக்கார்டு இருக்க கூடாது. கிளவுட்ஃபிளேர் சிநேம் ஃப்ளாட்டனிங்னு, வேற சிலர் அலியாஸ்னு ஒண்ணு வச்சு இத சமாளிக்கிறாங்க. சாதாரண சிபேனல் சோன் எடிட்டர்ல பெரும்பாலும் அந்த வசதி கிடைக்காது.

கிளவுட்ஃபிளேரே டொமைனும் விக்குது, விலையும் நியாயம்தான். ஆனா அங்க ரிஜிஸ்டர் பண்ணினா அவங்க நேம்சர்வரையேதான் வச்சுக்கணும்ங்கிறது விதி, டிஎன்எஸ் மட்டும் வேற இடத்துக்கு கொண்டு போகணும்னா முதல்ல டொமைன டிரான்ஸ்ஃபர் பண்ணணும். அதனால நான் டொமைன வேற இடத்துலதான் வச்சிருக்கேன்.

நான் பாத்துக்கிறது எல்லாம் நடுத்தர அளவு சைட்டுகள், அதுக்கு ஃப்ரீ டிஎன்எஸ்ஸே தாராளமா போதுது. பெரிய விற்பனை நாள் கூட்டம் வர்ற சைட்டுக்கு காசு குடுத்து டிஎன்எஸ் வாங்கணுமாங்கிறதுக்கு அத நடத்துறவங்க சொல்றத கேளுங்க. அதே மாதிரி, டெக்னிக்கல் விஷயத்த தொடவே மாட்டேன், பிரச்சினைன்னா ஒருத்தருக்கு ஃபோன் பண்ணணும் அவ்வளவுதான்னு இருக்கிறவங்களுக்கு நான் ஒரே இடத்துலயே வாங்க சொல்றேன். மூணு கம்பெனி இருந்தா மூணு சப்போர்ட்டும் "எங்க பக்கம் சரியாதான் இருக்கு"ன்னு சொல்லுவாங்க, எங்க தப்புன்னு நாமதான் கண்டுபிடிக்கணும், அதுக்கு கொஞ்சம் பொறுமை வேணும்.

எந்த வழில போனாலும் டொமைன் கணக்குக்கு குடுக்குற மெயில் ஐடி அதே டொமைன்ல இருக்க கூடாது. டொமைன் காலாவதி ஆனா அந்த மெயிலும் செத்துரும், அதுக்கு அப்புறம் ரினியூ பண்ணுங்கன்னு அனுப்புற எச்சரிக்கையும் உங்களுக்கு வராது. அப்புறம் ரிடெம்ப்ஷன்ங்கிற மீட்பு காலம் டாட் காம் மாதிரி டொமைனுக்கு 30 நாள் இருக்கும், ஆனா அதுல இருந்து மீட்க சாதாரண ரினியூவல விட நிறைய கேப்பாங்க.

ஏற்கனவே எல்லாத்தையும் ஒரே இடத்துல வாங்கிட்டவங்க பயப்பட வேண்டாம், வரிசையா பிரிச்சுக்கலாம். முதல்ல டிஎன்எஸ் மட்டும், எல்லா ரெக்கார்டையும் அப்படியே காப்பி பண்ணி, ஐபி எதையும் மாத்தாம. நேம்சர்வர் மாறுற அந்த 2 நாள்ல பழைய டிஎன்எஸ்ஸும் புதுசும் ஒரே பதில சொல்றதால யாருக்கும் எதுவும் தெரியாது. அது நிலைச்சதும் மெயில், அப்புறம் ஹோஸ்டிங். டொமைன் டிரான்ஸ்ஃபர் கடைசியா. பதிவு பண்ணி 60 நாள் ஆகாத டாட் காம் டொமைன பொதுவா மாத்த விடமாட்டாங்க, அது தாண்டினா டிரான்ஸ்ஃபர தடுக்குற லாக்க எடுத்துட்டு ஆத் கோட் (டிரான்ஸ்ஃபருக்கான ரகசிய எண்) கேளுங்க, 5 நாளுக்குள்ள குடுத்தாகணும். டிரான்ஸ்ஃபர் பண்ணும்போது ஒரு வருஷத்துக்கு காசு கேப்பாங்க, அது இருக்கிற காலாவதி தேதியோட கூடத்தான் சேரும், அதனால பழைய இடத்துல கட்டின காசும் பொதுவா வீணாகாது.