பூசணத்துக்கு ஃபாகிங்: சில வருடங்கள் அடித்துப் பார்த்த பிறகு

பூசணத்துக்கு ஃபாகிங், அதாவது மெஷினால் மருந்தை மூடுபனி போல அறை முழுக்க அடித்தவர்கள் எழுதும் அனுபவங்களில் பெரும்பாலானவை அடித்த அடுத்த வாரமே எழுதப்பட்டவை. அந்த வாரத்தில் யாருக்கும் குறை தெரியாது. மக்கல் வாடை போயிருக்கும், அலமாரியைத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டியிருக்காது, கொடுத்த காசு வீண் போகவில்லை என்று தோன்றும். சில மழைக்காலங்கள் கடந்த பிறகு அதே சுவர் எப்படி இருக்கிறது என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. அதனால்தான் இது.

நான் அதிகம் பயன்படுத்தியது யு.எல்.வி. (மிகக் குறைந்த அளவு மருந்தைத் தெளிக்கும்) வகை குளிர் ஃபாகர். மருந்தைச் சூடாக்காமல், மோட்டார் காற்றால் உடைத்து 5 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரையிலான நுண்துளிகளாக அடிக்கும். கொசுவுக்கு அடிக்கும் அடர்ந்த வெள்ளைப் புகை வேறு, அது சூட்டில் உண்டாவது. மருந்தாக ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல். வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். பற்றவைத்தால் தானே புகையும் டப்பாவையும் பயன்படுத்திப் பார்த்தேன். வேலை சுலபம்தான், ஆனால் எல்லாவற்றின் மீதும் ஒரு படிவு விட்டுப்போனது. அதைத் துடைப்பதே தனி வேலை. மறுபடி வாங்கவில்லை.

ஒரே மெஷின், ஒரே மருந்து, மூன்று இடம். மூன்றிலும் மூன்று விதமான முடிவு.

பொருட்கள் வைக்கும் சிறிய அறையில் குழாய் கசிந்து சுவர் நனைந்ததால் வந்த பூசணம். கசிவை அடைத்து, உப்பிய பூச்சைச் சுரண்டி எடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு கடைசியாக ஃபாகிங் அடித்தேன். இன்று வரை ஒரு புள்ளி கூடத் திரும்பவில்லை. இதை மட்டும் எழுதியிருந்தால் இது ஒரு விளம்பரம் போலவே இருந்திருக்கும்.

படுக்கையறையில் வெளிச்சுவரை ஒட்டி பெரிய அலமாரி. அதன் பின்னால் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருந்தது. இங்கே கசிவே கிடையாது, சுவரே குளிர்ந்து வேர்க்கிறது. அறையில் 26 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுவர் 20 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே அதன் மேல் நீர் படியத் தொடங்கும். பூசணத்துக்கு அவ்வளவு கூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே அது முளைத்துவிடும். ஒவ்வொரு முறை அடித்ததும் வாடை போகும், ஈரமான பருவம் வந்ததும் திரும்பி வரும். கடைசியில் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டதும், ஈர நாட்களில் ஈரப்பதம் உறிஞ்சும் கருவியை ஓடவிட்டதும்தான் அதை நிறுத்தியது. அதன் பிறகு அங்கே ஃபாகிங்குக்கு வேலையே வரவில்லை.

குளியலறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தினமும் நனையும் இடம். ஓரங்களை அடைக்க வைத்திருக்கும் சிலிகோன் பட்டைக்குள் இறங்கிவிட்ட கறுப்பை எந்தப் புகையும் எடுக்காது. பழைய பட்டையை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதுதான் வழி. குளித்த பிறகும் வெளியேற்று விசிறியைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவது, ஃபாகரை விடப் பலன் தருகிறது.

மெஷின் விற்பவர்கள் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. மருந்து பட்டுப் பூசணம் செத்தாலும் அது சுவரிலேயேதான் இருக்கும். செத்த பூசணமும் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். அதனால் கொன்றால் மட்டும் போதாது, அகற்றவும் வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தெளிவாகவே சொல்கிறது. அங்குள்ள வழிகாட்டுதல் கிருமிநாசினி அடிப்பதையே வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை. வழவழப்பான பரப்பு என்றால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி உலர்த்தச் சொல்கிறது. மெத்தை, கம்பளம், உட்கூரை அட்டை போல ஈரத்தை உள்ளே இழுக்கும் பொருட்களில் வேர்விட்டிருந்தால் தூக்கிப் போடுவதுதான் பெரும்பாலும் வழி. நுண்துளி மேற்பரப்பில் படியும், பஞ்சுக்குள் இறங்காது.

அதனால் முதலில் துடைக்க வேண்டும், அப்புறம்தான் அடிக்க வேண்டும். உலர்ந்த பூசணத்தின் மீது ஃபாகரின் காற்று நேராகப் பட்டால் வித்துகள் (பூசணம் பரவ உதவும் நுண்துகள்கள்) அறை முழுக்கப் பறக்கும். பல வித்துகளின் அளவு 2 முதல் 10 மைக்ரான்தான், கண்ணுக்குத் தெரியாது. ஈரத் துணியால் துடைத்து, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவத்தால் தூசியை இழுத்துவிட்டால், ஃபாகிங்குக்கு மிச்சமிருப்பது இடுக்குகளும் வாடையும்தான். அந்த மிச்ச வேலையை அது உண்மையிலேயே நன்றாகச் செய்கிறது. கை நுழையாத மூலை, பரணின் உள்பக்கம், கதவுக்குப் பின்னால் எல்லாம் போய்ச் சேர்கிறது.

இன்னொரு வேடிக்கை, ஃபாகிங்கே அறைக்குள் ஈரத்தைக் கொண்டுவரும். மருந்தில் பெரும்பகுதி தண்ணீர்தானே. அடித்து முடித்ததும் ஈரப்பதம் காட்டும் மீட்டரைப் பார்த்தால் முள் எகிறி நிற்கும். மருந்து ஊற வேண்டிய நேரம் முடிந்ததும் ஜன்னலைத் திறந்து, விசிறி போட்டு, 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை விடக்கூடாது. வெளியே மழை கொட்டும் நாளில் அடிக்கவே அடிக்காதீர்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். என்-95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், மருந்தின் ஆவியைத் தடுக்காது. மருந்தின் லேபிளில் சொல்லியிருக்கும் வகைக் கார்ட்ரிட்ஜ் (ஆவியைத் தடுக்கும் வடிகட்டி) பொருத்திய முகமூடியும், கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். மீன்தொட்டி, பறவைக் கூண்டு, செல்லப்பிராணிகள் எதுவும் அறையில் இருக்கக் கூடாது. புகை எச்சரிக்கைக் கருவி அலறும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பெராக்சைடு துணியை வெளுக்கும், அலமாரிக் கீல்களில் துருவைக் கிளப்பும். முக்கியமாக, ப்ளீச்சுடன் வினிகரையோ அமோனியா உள்ள கிளீனரையோ யாரும் கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள், நச்சு வாயு வரும்.

ஆட்களை வரவழைத்தும் அடித்தேன். பல வருட உத்தரவாதம் என்று பேசினார்கள். தாளைப் படித்தால், சுவரில் ஈரம் இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. ஈரம் இல்லாவிட்டால் பூசணம் ஏன் வரப்போகிறது? கூப்பிடுவதாக இருந்தால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் மீட்டர் வைத்துப் பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள். வந்த உடனே மெஷினை எடுப்பவர் வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், அல்லது பூசணம் மூன்றடிக்கு மூன்றடியைத் தாண்டிப் பரவியிருந்தால், நாமே இறங்கிச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கசிவை அடைத்தாயிற்று, துடைத்தாயிற்று, வாடை மட்டும் போகவில்லை என்பவர்கள் தாராளமாக அடிக்கலாம். மெஷினை வாடகைக்கு எடுத்தாலே போதும். மருந்தைச் சிறிய கேனாக வாங்குங்கள். பெராக்சைடு திறந்து வைத்தால் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். போன வருட மிச்சத்தை நம்பி அடிக்காதீர்கள்.