எம்ஆர்ஐ மெஷினோடு பல வருடங்கள்: பழுது எங்கிருந்து வருகிறது?

எம்ஆர்ஐ மெஷின் நின்றுபோனால் எல்லோருக்கும் முதல் சந்தேகம் காந்தத்தின் மேல்தான். 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) மெஷின் ஒன்றைப் பல வருடங்களாக இயக்கி வருகிறேன். காந்தத்தால் வந்த தொல்லை மிகக் குறைவு. வேலையை நிறுத்தியதெல்லாம் அதைச் சுற்றியுள்ள சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), அறைக் கதவு, காயில் (நோயாளியின் உடலருகே வைத்துச் சிக்னலைப் பிடிக்கும் கருவி) கேபிள் போன்றவைதான்.

இதில் சில்லருக்குத்தான் முதலிடம். காந்தச் சுருள்கள் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் இருக்கின்றன. ஆவியாகும் ஹீலியத்தை மறுபடி திரவமாக்குவது கோல்ட் ஹெட். அதை இயக்குவது கம்ப்ரஸர், கம்ப்ரஸரின் சூட்டை இறக்குவது சில்லர் தண்ணீர். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். அப்புறம் உள்ளே அழுத்தம் ஏறும், ஹீலியம் வெளியேறத் தொடங்கும். பழைய வகைக் காந்தங்களில் ஆயிரம் லிட்டருக்கு மேல் ஹீலியம் இருப்பதால் இந்த இழப்பு லேசானதல்ல. ஸ்கேன் இல்லாத இரவிலும் விடுமுறையிலும் சில்லர் ஓடியே ஆக வேண்டும். எங்களுக்குப் பெரும்பாலும் ஆளில்லாத நேரத்தில்தான் அது நின்றிருக்கிறது. சில்லர் அலாரத்தைக் கைபேசிக்கு வரும்படி இணைத்த பிறகுதான் நிம்மதி வந்தது.

காலையில் அறைக்குள் நுழைந்ததும் கோல்ட் ஹெட்டின் விட்டுவிட்டு வரும் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பேன். ஹீலியம் அளவு, அழுத்தம், தண்ணீரின் வெப்பம் மூன்றையும் நோட்டில் எழுதுவேன். ஒரு நாளின் எண்ணை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் மெல்ல ஏறும் அழுத்தம் மட்டும் நோட்டில் பளிச்சென்று தெரியும். சர்வீஸ் இன்ஜினியரிடம் அதைக் காட்டினால் பேச்சும் சுருக்கமாக முடியும்.

அடுத்தது கதவு. அதன் ஓரத்தில் இருக்கும் மெல்லிய உலோகப் பட்டைகள் வெளி ரேடியோ அலைகளைத் தடுக்கின்றன. ஸ்ட்ரெச்சர் இடித்து அவை வளைந்தாலோ அழுக்கு படிந்தாலோ, படத்தின் குறுக்கே புள்ளிப்புள்ளியாகக் கோடு விழும். மெஷினைக் கழற்றிப் பார்க்கச் சொல்வதற்கு முன் கதவைப் பாருங்கள்.

காயில்கள் கெடுவதில் பாதிக்கு மேல் கையாளும் முறையால்தான் என்பது என் கணிப்பு. கேபிளைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பிளக்கைச் சாய்த்துச் செருகக் கூடாது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு காயிலிலும் பேண்டம் (நோயாளிக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பொருள்) வைத்துப் படமெடுத்து சிக்னல் அளவைக் குறித்துவைத்தால், நோயாளியை மறுபடி படுக்கவைக்கும் நிலை வருவதற்கு முன்பே பலவீனமான காயில் தெரிந்துவிடும். வலியோடு வருபவரை இரண்டாவது முறை உள்ளே அனுப்புவது எனக்கு எப்போதுமே கஷ்டம்தான்.

சிடி ஸ்கேன் மெஷின் பற்றிச் சுருக்கமாக: காலையில் எக்ஸ்-ரே டியூபைச் சூடாக்கும் வார்ம்-அப்பையும், உள்ளே எதுவும் வைக்காமல் செய்யும் ஏர் கேலிபரேஷனையும் அவசரத்தில் தவிர்க்காதீர்கள். கேன்ட்ரி (நோயாளி நுழையும் வளையப் பகுதி) ஜன்னலில் சிந்திய கான்ட்ராஸ்ட் மருந்துத் துளியை உடனே துடையுங்கள், படத்தில் போலி நிழல் விழ அதுவே போதும்.

மறுபடி எம்ஆர்ஐக்கு வந்தால், சுமார் 7 லிட்டர் ஹீலியத்தில் இயங்கும், முழுக்க மூடப்பட்ட காந்தங்கள் 2018 முதல் வந்திருக்கின்றன. நல்ல முன்னேற்றம். ஆனால் அவற்றுக்கும் கோல்ட் ஹெட் உண்டு, குளிர்விக்கும் ஏற்பாடும் தேவை. ஆகவே எந்த மாடல் வாங்கினாலும், சில்லர் நின்றால் குழாய்த் தண்ணீருக்கு மாறும் மாற்று வழியையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.