காசு கட்டி இணையத்தில் சட்ட ஆலோசனை கேட்பவர்கள் கவனம்: அக்காவின் சீதனக் காணிக்கு நடந்தது

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்க் காணியை என்ன செய்வது என்று யோசிப்பவர்களும், அவர்களுக்காக இங்கே கந்தோர் கந்தோராக ஓடித் திரியும் சகோதரங்களும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். "நிபுணர் இப்போதே பதில் சொல்வார்" என்று விளம்பரம் போட்டுக் காசு வாங்கும் ஒரு இணையச் சேவை எங்களுக்குப் பிழையான சட்டத்தைச் சொன்னது, அதற்கு மேலே அக்காவின் கார்டில் இருந்து மாதா மாதம் காசும் எடுத்தது. வங்கியில் முறைப்பாடு போய்க்கொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. இதே மாதிரிப் பல தளங்கள் இருக்கின்றன, அவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால்தான் உங்களுக்குப் பிரயோசனம்.

விசயம் இதுதான். அக்காவுக்கு யாழ்ப்பாணம் கொக்குவிலில் 4 பரப்புக் காணி, கலியாணத்துக்கு அப்பா சீதனமாக எழுதிக் கொடுத்தது. அக்கா ரொறன்ரோவில், அத்தான் லண்டனில். பல காலமாகக் கதைபேச்சு இல்லை, ஆனால் விவாகரத்தும் எடுக்கவில்லை. காணியை வாங்க ஊர் ஆள் ஒருவர் நல்ல விலையோடு வந்தார். அத்தானின் கையெழுத்து இல்லாமல் அக்கா விற்கலாமா என்பதுதான் கேள்வி. யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணிகளுக்கும் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசுமாருக்கும் பஞ்சமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் இப்படி ஒரு கேள்வியை ஊருக்குள் கேட்டால் "ஓ, அவை பிரிஞ்சிருக்கினமோ" என்ற கதை அடுத்த கோவில் திருவிழாவுக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். அக்கா அதற்குப் பயந்துதான் இணையத்தில் கேட்டாள். இந்தப் பயத்தோடு எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள், அவர்களைத்தான் இந்தச் சேவைகள் பிடிக்கின்றன, அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

தமிழிலும் கேட்கலாம் என்று போட்டிருந்தார்கள். கேள்வியை அடித்தவுடன் ஒரு பெட்டி திறந்து "சட்ட நிபுணர் இப்போது இணைப்பில் இருக்கிறார்" என்றது. கோட் போட்ட ஒருவரின் படம், பக்கத்தில் ஐந்து நட்சத்திரம், 20 வருட அனுபவம் என்று ஒரு வரி. எந்த நாட்டில் அனுபவம், எந்த நீதிமன்றத்தில், எங்கே பதிவு, ஒன்றும் இல்லை. 5 டொலர் கட்டினால் பதில், திருப்தி இல்லையென்றால் காசு திரும்ப வரும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. காணி உறுதிப் பத்திரத்தின் படத்தையும் ஏற்றச் சொன்னார்கள், அக்கா ஏற்றினாள். எல்லாம் முடிந்து பதில் வந்ததும் எனக்கு அனுப்பினாள்.

பதில் நீளமாக, மரியாதையாக, கேட்கச் சந்தோசமாக இருந்தது. சீதனமாக வந்த சொத்து முழுக்கப் பெண்ணுக்கே உரியது, கணவன் உட்பட யாருடைய சம்மதமும் தேவையில்லை, தாராளமாக விற்கலாம். பிறகு செய்ய வேண்டியவை: பட்டா, சிட்டா நகல் எடுக்க வேண்டும், ஆதார் அட்டையோடு விற்பவரும் வாங்குபவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிய வேண்டும்.

தமிழ்நாட்டுக் காணிப் பதிவுகளான பட்டாவையும் சிட்டாவையும் கொக்குவில் காணிக்கு எங்கே போய் எடுப்பது? ஆதார் அட்டை இலங்கையில் யாரிடம் இருக்கிறது? கேள்வியில் கொக்குவில், யாழ்ப்பாணம், இலங்கை என்று மூன்றும் தெளிவாக எழுதியிருந்தது. பதில் சொன்னவர் இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தை அப்படியே எடுத்து எங்கள் தலையில் வைத்திருக்கிறார். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இந்துப் பெண்ணின் சொத்து முழுமையாக அவளுக்கே என்கிறது, இந்தியாவில் அது சரி. அவர் உண்மையாகவே இந்தியச் சட்டம் படித்தவராகக்கூட இருக்கலாம், ஆனால் எங்கள் காணி இந்தியாவில் இல்லையே.

இதற்குள் வாங்க வந்தவர் அச்சவாரம் தர ஆயத்தம், அக்காவும் ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போய் என் பெயருக்கு அற்றோணித் தத்துவம் (அவளுக்காக நான் கையெழுத்துப் போடும் அதிகாரம்) எழுத நாள் பார்த்துவிட்டாள். நான்தான் மனம் கேட்காமல், அப்பாவின் உறுதிகளை எழுதிய பழைய நொத்தாரிசு ஐயாவிடம் உறுதியைக் கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டு உறுதியை முதல் வரியில் இருந்து வாசித்தார், எல்லைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், கடைசியில் நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை, அத்தான் எந்த ஊர்?"

கரவெட்டி என்றேன். "அப்ப தேசவழமைதான்" என்றார்.

அந்த ஒரு கேள்வியில்தான் முழு விசயமும் இருந்தது என்பது அவர் விளங்கப்படுத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தேசவழமை என்பது ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் ஒப்படைத்த, பிறகு ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஏற்றுக்கொண்ட, யாழ்ப்பாணத் தமிழரான எங்களுக்குரிய வழமைச் சட்டம், இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதோடு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி தேசவழமைக்கு உட்பட்ட பெண் தேசவழமைக்கு உட்படாத ஆணைக் கலியாணம் செய்தால், அந்தக் கலியாணம் நிலைக்கும் வரை அவளுக்குத் தேசவழமை பொருந்தாது. அதனால்தான் அத்தானின் ஊரைக் கேட்டார். அத்தான் வேறு இடத்து ஆளாக இருந்தால் பதிலே வேறு. கரவெட்டியும் யாழ்ப்பாணம் என்றபடியால் அக்கா தேசவழமைக்குள்தான், அப்படியென்றால் காணி அவளுடையதாகவே இருந்தாலும் உயிரோடு இருக்கும்போது அதை விற்கவோ நன்கொடை கொடுக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மரணசாதனத்தில் (உயிலில்) எழுதுவதற்கு மட்டும் வேண்டாம். இந்தக் காலத்தில் இது நியாயமா என்று கேட்டால், எனக்குத் துளியும் நியாயமாகப் படவில்லை, மாற்ற வேண்டிய சட்டம் என்றுதான் சொல்வேன். ஆனால் மாறும் வரைக்கும் சட்டம் அதுதான், அது தெரியாமல் உறுதி எழுதியிருந்தால் விற்பனை செல்லாமல் போய் வாங்கியவர் எங்களுக்கு எதிராக வழக்கு வைத்திருப்பார்.

வழி இல்லாமலும் இல்லை. கணவன் கைவிட்டிருந்தால், இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் சம்மதம் தர மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதம் இல்லாமலே கைமாற்ற உத்தரவு எடுக்கலாம். அதே கட்டளைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. அக்காவுக்குத் தேவைப்பட்ட பதில் இதுதான், 5 டொலர் வாங்கியவர் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஐயா உறுதியில் இன்னொரு வரியையும் காட்டினார். "கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் உள்ள பங்கு" என்று எங்கள் பக்கத்து உறுதிகளில் வருமே, அது. கிணறு சித்தப்பாவோடு பொது, ஓரமாக ஒரு துண்டும் இன்னும் பிரிக்காத பங்கு. அப்படிப் பங்காளி இருக்கும் காணியை வெளி ஆளுக்கு விற்க முதல் பங்காளிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும், வாங்குவதில் அவருக்குத்தான் முதல் உரிமை, 1947ஆம் ஆண்டு 59ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. உறுதியின் படம் அந்தச் சேவையிடம் இருந்தது. இந்த வரியை யாரும் வாசிக்கவேயில்லை.

நான் அக்காவின் கணக்கில் இருந்தே திரும்பக் கேட்டு எழுதினேன்: இது இலங்கை, தேசவழமைக்கு உட்பட்ட காணி, அதற்கு ஏற்பப் பதில் சொல்லுங்கள். சில நிமிடத்தில் "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது மிகச் சரி" என்று தொடங்கி இன்னொரு நீளப் பதில் வந்தது. முடிவு அதேதான், கணவனின் சம்மதம் தேவையில்லை. இந்த முறை இலங்கை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தொகுதி எண், பக்க எண்ணோடு போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் மருமகனிடம் கொடுத்தேன். அவன் தேடிப் பார்த்தான், அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தில் இருந்தது சம்பந்தமே இல்லாத வேறு வழக்கு. அவர்கள் சொன்ன பெயரில் ஒரு தீர்ப்பும் அவனுக்கு அகப்படவில்லை. "மாமி, இது ஆள் எழுதினது இல்லை, ஏஐ எழுதினது" என்றான். அதை நான் நிரூபிக்க முடியாது, ஆனால் அவன் சொன்ன இன்னொரு சம்பவம் பதிவில் இருப்பது: 2023இல் நியூயோர்க்கில் ஒரு விமானக் கம்பனிக்கு எதிரான வழக்கில் சட்டத்தரணிகள் சாட்ஜிபிடி உண்டாக்கிக் கொடுத்த, உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து 5,000 டொலர் தண்டம் கட்டினார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளும் நீதிபதியும் சரிபார்த்தபடியால் பிடிபட்டது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு வரும் பதிலை யார் சரிபார்ப்பது?

அந்தக் கோட் போட்டவரின் படத்தையும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தோம். விளம்பரங்களுக்குப் படம் விற்கும் தளம் ஒன்றில் அதே முகம், அதே கோட்.

இனிக் காசு விசயம். 5 டொலர் என்பது சோதனைக் காலத்துக்காம். கார்ட் இலக்கம் போடும் பெட்டிக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில், அதன் பிறகு மாதச் சந்தா தானாக எடுக்கப்படும் என்று இருக்கிறது. பிறகு ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தபோதுதான் அந்த வரியே கண்ணில் பட்டது. 45 அமெரிக்க டொலருக்கு மேலே, எங்கள் காசுக்குப் பதின்மூவாயிரம் ரூபாவைத் தாண்டும், ஒவ்வொரு மாதமும் போயிருக்கிறது. நிறுத்தப் போனால் பொத்தானைக் காணவில்லை, "ஏன் போகிறீர்கள்" என்று பக்கம் பக்கமாகக் கேள்வி, கடைசியில் அரை விலைக்குத் தருகிறோம் இருங்கள் என்கிறது. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவின் விபரத்தைக் கார்ட் வாங்க முதல் தெளிவாகச் சொல்லி, வெளிப்படையான சம்மதம் எடுத்து, சுலபமாக நிறுத்தவும் வழி வைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2010இலேயே சட்டம் வந்துவிட்டது, இவர்கள் அதை ஒரு பொருட்டாக எடுப்பதாகத் தெரியவில்லை. சந்தாவை நிறுத்திய பிறகும் ஒரு முறை காசு போனது. அக்கா வங்கிக்கு அடித்துக் கார்டை முடக்கி, அப்படிக் காசு எடுத்ததை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். இலங்கைக் கார்ட் பாவித்தவர்கள் முதலில் உங்கள் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், வங்கி கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புத் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

காசைவிட எனக்குப் பயம் அந்த உறுதிப் படம்தான். அதில் அக்காவின் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், உறுதி இலக்கம், நாலு எல்லை, எல்லாம் இருக்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில், காணி வெறுமையாக, இங்கே கள்ள உறுதி எழுதுபவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அழித்துவிடச் சொல்லி எழுதினோம், பதிலே இல்லை. நொத்தாரிசு ஐயா சொன்னபடி காணிப் பதிவகத்தில் கேவியற் ஒன்று போடுகிறோம். ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் இதற்கு இடம் இருக்கிறது, அந்தக் காணிக்கு யாராவது ஒரு ஆவணத்தைப் பதியக் கொண்டுவந்தால் எங்களுக்கு அறிவித்தல் வரும். குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

இணையத்தில் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல பதில்களும் இருக்கின்றன, காசில்லாமலே. ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் (Stack Exchange) என்ற கேள்வி பதில் தளத்தின் சட்டப் பகுதியில் எந்த நாட்டுச் சட்டத்தின்படி பதில் சொல்கிறார்கள் என்று அடையாளம் போடும் வழக்கம் இருக்கிறது, பிழையாகச் சொன்னால் மற்றவர்கள் கீழேயே திருத்துவார்கள். பதிலில் சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அந்தச் சட்டத்தைத் தனியாக எடுத்து அந்தப் பிரிவு உண்மையிலேயே அதைத்தான் சொல்கிறதா என்று வாசியுங்கள். எங்களுக்கு வந்த இரண்டாவது பதிலிலும் பக்க எண் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். உங்களிடம் திருப்பி ஒரு கேள்வியும் கேட்காமல், எந்த ஊர், எப்போது கலியாணம், உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்றும் விசாரிக்காமல் பதில் வந்தால் அதை நம்பி ஒரு கடதாசியிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், இவற்றின் படத்தை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றவே வேண்டாம்.

ஊரில் கதை பரவும் என்று பயப்படும் பெண்களுக்கு: சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரச நிறுவனம், யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. சொந்த ஊர்ச் சட்டத்தரணியிடம் போக மனம் இல்லையென்றால் கொழும்பிலோ வவுனியாவிலோ ஒருவரிடம் போகலாம், தேசவழமை வழக்குப் பேசியவரா என்று மட்டும் முதலே கேளுங்கள்.

வாங்க வந்தவரிடம் உண்மையைச் சொன்னோம், அவர் பொறுத்திருக்கச் சம்மதித்திருக்கிறார். அத்தானுக்கு லண்டனில் உள்ள பெரியம்மாவின் மகன் மூலம் கதைத்துப் பார்க்கிறோம், சரிவராவிட்டால் மாவட்ட நீதிமன்றம்தான். இதே மாதிரிச் சேவையில் காசு கட்டி, வங்கி மூலம் திரும்ப எடுத்தவர்கள் யாராவது இருந்தால், வங்கிக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று கீழே சொல்லுங்கள், அக்காவுக்கு உதவியாக இருக்கும்.